மாப்பிள்ளைக்குப் பாச நீக்கப் பயிற்சி

அரும்பறவைப் பேணுகை வாரியத்தில் எந்தப் பறவையும் செத்ததில்லை. அதன் ஆண்டறிக்கைகளைப் புரட்டிப் பார்த்தவர்கள் யாரும் இதை மறுக்க முடியாது. அங்கே பறவைகள் "பதிவிலிருந்து விடுவிக்கப்படும்", இல்லாவிட்டால் "பராமரிப்பு நிறைவு" பெறும். ஒருமுறை ஒரு ஆந்தை "இயற்கையோடு ஒன்றியது". சாவு என்ற சொல்லை மட்டும் வாரியம் தன் வாசல்படி ஏற விட்டதே இல்லை.

இதெல்லாம் தெரியாமல்தான் அவளும் அவள் கணவனும் ஒரு திங்கட்கிழமை காலை, தலைவாரிப் பவுடர் போட்டுக்கொண்டு, அந்த வாசல்படி ஏறினார்கள்.

அவர்கள் வீட்டில் ஒரு கறுப்புக் காக்கட்டூ இருந்தது. காக்கட்டூ என்றால் கொண்டை வைத்த கிளி. வெள்ளைக் காக்கட்டூவைப் படத்திலாவது எல்லோரும் பார்த்திருப்பார்கள். இது மைக் கறுப்பு. காக்கையைவிடப் பெரிது. கன்னத்தில் மட்டும் இறகில்லாமல் சிவப்புத் தோல் தெரியும், சந்தோஷம் வந்தால் அது இன்னும் சிவக்கும். கல்யாணத்துக்கு முன்னால் அவள் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் படங்களுக்கு மெருகேற்றும் வேலை பார்த்தாள். அழுகிற குழந்தைகளைக் கேமரா பக்கம் பார்க்க வைப்பதற்காக அங்கே முதலாளி வளர்த்த பறவை அது. கடையை மூடிவிட்டு வெளிநாட்டிலிருக்கும் தன் மகளிடம் கிளம்பியபோது அவர், "இது உன்னத் தவிர வேற யார்கிட்டயும் இருக்காதும்மா" என்று கூண்டோடு அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

அதற்குப் பெயர் வைத்தது மாமியார்.

"வேலைவெட்டி கிடையாது. நேரத்துக்குத் தட்டு வந்தாகணும். கொஞ்சம் லேட்டானா மூஞ்சியத் திருப்பிக்கிது. பறவையா இது? மாப்பிள்ளை!"

"அப்ப நான் யாரும்மா?" என்றான் மகன்.

"நீயும் அதே ரகம்தான். உனக்குக் கொண்டை மட்டும் கிடையாது."

அன்றிலிருந்து அது மாப்பிள்ளை. சாயங்காலம் அவள் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டால் போதும், கூண்டில் கிடக்கும் குச்சியைக் காலால் பிடித்துக்கொண்டு மரப்பெட்டியில் டொக் டொக் என்று தட்ட ஆரம்பித்துவிடும். காட்டில் இந்த ஆண் பறவைகள் ஜோடியைக் கூப்பிடுவது இப்படித்தானாம். கணவன் இதைப் படித்துவிட்டு இரண்டு நாள் அதனிடம் பேசவில்லை.

இப்போது அதன் அலகு ஒரு பக்கமாக நீண்டு வளைந்துவிட்டது. கொட்டைகளை உடைக்க முடியவில்லை. கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போனார்கள். அவர் மேசைக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டார்.

"வாரியத்தோட அனுமதி இல்லாம இதோட ஒரு இறகைத் தொட்டாலும் என் லைசென்ஸ் போயிடும்."

"அப்ப பட்டினி கிடந்து சாகட்டுமா டாக்டர்?" என்று கேட்டாள் அவள்.

"அதுக்கு அனுமதி தேவையில்லம்மா."

கணவன் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவன். நடு ரோட்டில் ஒரு வண்டிகூட இல்லாதபோதும் சிவப்பு விளக்கைப் பார்த்து நிற்கிற ஆள். "மறைக்க என்ன இருக்கு? போய் உண்மையைச் சொல்லுவோம். உண்மையைச் சொன்னா என்ன பண்ணிடுவாங்க?" என்றான். அவளும் நம்பினாள். இந்த வீட்டில் நடந்த பெரிய தவறு இது ஒன்றுதான்.

வாரியத்தின் இயக்குநர் அவர்களை எழுந்து நின்று வரவேற்றார். விஷயத்தைக் கேட்டதும் உட்கார்ந்துவிட்டார்.

"கறுப்பா? நிச்சயமா கறுப்பா?"

"ஆமா சார்."

"என்ன காரியம்மா பண்ணிட்டீங்க!" என்று நெற்றியைத் தடவினார். "இந்த நாட்டுல எந்த வீட்லயும் கறுப்புக் காக்கட்டூ இல்லைன்னு போன வருஷம்தான் அறிக்கை கொடுத்தோம். அந்த அறிக்கைக்கு விருதே வந்திருக்கு. அதோ பாருங்க, சுவத்துல."

சுவரில் விருது இருந்தது. பக்கத்தில் கறுப்புக் காக்கட்டூவின் பெரிய படம் ஒன்றும் இருந்தது. அதன் அடியில் "இவளைக் காப்போம்" என்று எழுதியிருந்தது. படத்திலிருந்தது ஆண்.

"அரிதா இருக்கறதுதாம்மா ஒரு அரும்பறவையோட பலம்" என்றார் இயக்குநர். "ஆளாளுக்கு இப்படி ஒண்ணைக் கொண்டுவந்து நிறுத்தினா நாளைக்கு அது வெறும் பறவை ஆயிடும். வெறும் பறவைக்கு வாரியம் எதுக்கு? இயக்குநர் எதுக்கு? இந்தக் கட்டடம் எதுக்கு? ஒரு இனம் பெருகாம பார்த்துக்கறது எவ்வளவு பெரிய பொறுப்புன்னு வெளியில இருக்கறவங்களுக்குப் புரியாது."

"பெருகாமயா?" என்றான் கணவன்.

"பேணாம பெருகக் கூடாதுங்கறேன்."

"சார், அலகை மட்டும் கொஞ்சம் வெட்டிவிட்டா போதும்" என்றாள் அவள். "சாப்பிட முடியல."

"வெட்டலாம். தாராளமா வெட்டலாம். வாரியப் பறவைக்கு வாரிய மருத்துவர் வெட்டுவார். ஆனா இது இன்னும் வாரியப் பறவை இல்லையே." சுவரிலிருந்த விருதைப் பார்த்தார். முகம் தெளிந்தது. "ஒண்ணு செய்யலாம். நீங்க இதை வளர்க்கல. நாங்க இதைக் கண்டுபிடிச்சோம்."

"எங்க சார் கண்டுபிடிச்சீங்க?"

"உங்க வீட்லதான்."

கண்டுபிடித்த பறவையை உடனே எடுத்துக்கொண்டு போக முடியாது, அதற்கு முன் அதைச் சுத்தப்படுத்த வேண்டும் என்றார். என்ன அழுக்கு என்று அவள் கேட்டாள். "பாசம்" என்றார். "மனுஷப் பாசம் படிஞ்ச பறவை மாசடைஞ்ச பறவைன்னு எங்க விதியில இருக்கு. முதல்ல அதை நீக்கணும்."

அடுத்த நாளே வாரியத்தின் ஆய்வாளர் வீட்டுக்கு வந்துவிட்டார். மெலிந்த மனிதர், கையில் அட்டை, கழுத்தில் விசில். முன்னறையில் கூண்டுக்கு எதிரே ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பாச நீக்கப் பயிற்சியின் விதிகளை வாசித்தார். வளர்த்தவர் பறவையோடு பேசக் கூடாது, பறவையைப் பார்க்கக் கூடாது, கையால் ஊட்டக் கூடாது. பெயர் சொல்லக் கூடாது. அடையாளம் தெரியாமலிருக்கத் தலையிலிருந்து கால்வரை சாக்கு அங்கி போட்டுக்கொள்ள வேண்டும். அங்கியை வாரியமே கொடுத்தது. கண்ணுக்கு இரண்டு ஓட்டை இருந்தது.

சாயங்காலம் அவள் அங்கியை மாட்டிக்கொண்டு வாசலில் செருப்பைக் கழற்றினாள். உள்ளே டொக் டொக் டொக் என்று சத்தம் கேட்டது.

ஆய்வாளர் விசிலை ஊதினார். "பறவை உங்களைத் தூண்டுது. பதில் கொடுக்காதீங்க!"

அவள் பதில் கொடுக்கவில்லை. சாக்குக்குள்ளே நின்றுகொண்டிருந்தாள். மாப்பிள்ளை குச்சியைப் போட்டுவிட்டுத் தலையைச் சாய்த்து அந்தச் சாக்கையே பார்த்தது. மறுபடி குச்சியை எடுத்து, இந்த முறை மெதுவாகத் தட்டியது.

"உங்களுக்குப் பிள்ளை குட்டி இருக்கா?" என்று மாமியார் ஆய்வாளரிடம் டீயை நீட்டிக்கொண்டே கேட்டாள்.

"ரெண்டு பொண்ணுங்கம்மா."

"நீங்க வீட்டுக்குப் போனா ஓடி வருவாங்களா?"

"வருவாங்க."

"அப்ப விசில் ஊதுவீங்களா?"

ஆய்வாளர் டீயைப் பார்த்துக்கொண்டே குடித்தார்.

வேடிக்கை என்னவென்றால், அந்த வீட்டில் வாரியத்துக்குப் பிடித்துப்போனது மாமியாரைத்தான். அவள் அந்தப் பறவையை என்றைக்குமே கொஞ்சியதில்லை. "சனியனே", "கருவாயா", "உன்னால வீடெல்லாம் உமி" என்று நாள் முழுக்கத் திட்டுவாள். ஆய்வாளர் அட்டையில் எழுதிக்கொண்டே, "இந்த அம்மாவைப் பார்த்துக் கத்துக்கணும். பாசமே இல்லை. மாதிரி வீட்டாள்" என்று பாராட்டினார். மாமியாருக்கு அது அறைந்த மாதிரி இருந்தது. அன்று முழுக்க அதைத் திட்டவே இல்லை.

ஆனால் மறுநாள், அலகு வளைந்த மாப்பிள்ளை தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தபோது, அவள் வாயிலிருந்து ஒரு வாக்கியம் தப்பி வந்துவிட்டது. "சாப்பிட்டுத் தொலையேன்டா."

ஆய்வாளரின் பேனா அப்படியே நின்றது. இது வசையா, பாசமா என்று அவரால் முடிவு செய்ய முடியவில்லை. அலுவலகத்துக்குப் போன் செய்தார். அலுவலகம் மேலிடத்தைக் கேட்டது. மாலைக்குள் முடிவு வந்தது. வாக்கியத்தின் முன்பாதி பாசம், பின்பாதி வசை, சராசரி பூஜ்யம், ஆகவே நடவடிக்கை தேவையில்லை. கடைசியில் வந்த "டா"வைப் பற்றித் துணைக்குழு ஆராயும்.

துணைக்குழு ஆராய்வதற்குள் பயிற்சி தோற்றுவிட்டது. சாக்கை மாற்றினார்கள், செருப்பை மாற்றச் சொன்னார்கள், அவளைப் பின்வாசல் வழியாக வரச் சொன்னார்கள். எந்த வழியாக வந்தாலும் கன்னம் சிவந்து, கொண்டை விரிந்து, குச்சி எழுந்தது. கடைசியில் வாரியம் ஒரு முடிவுக்கு வந்தது. பறவையிடமிருந்து பாசத்தை நீக்க முடியாவிட்டால் பாசத்திடமிருந்து பறவையை நீக்க வேண்டும்.

வேன் வந்தது. கூடவே படமெடுப்பவர்களும் வந்தார்கள். வேனின் பக்கவாட்டில் "மீட்பு" என்று எழுதியிருந்தது. கையுறை போட்ட இரண்டு ஆட்கள் கூண்டுக்குள் கையை விட்டார்கள். ஒருவரின் கையுறை கிழிந்தது, மற்றவரின் விரலும் கிழிந்தது. மாப்பிள்ளை பறந்து வந்து அவள் தோளில் உட்கார்ந்து, அவள் சட்டைக் காலருக்குள் தலையை விட்டுக்கொண்டது.

"நீங்களே பெட்டிக்குள்ள போட்டுடுங்கம்மா" என்றார் ஆய்வாளர். அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "மத்தவங்க பிடிச்சா அதுக்கு அடிபட்டுடும்."

"அலகை வெட்டுவீங்கல்ல?"

"இன்னைக்கே வெட்டிடுவாங்க. நான் பார்த்துக்கறேன்."

அவள் கையை நீட்டியதும் அது சந்தேகமே இல்லாமல் கையில் ஏறிக்கொண்டது. அந்தக் கையாலேயே பெட்டிக்குள் விட்டாள். கதவு மூடிய பிறகும் கொஞ்ச நேரம் உள்ளேயிருந்து சத்தமே வரவில்லை. அது இன்னும் அவளை நம்பிக்கொண்டிருந்தது. மறுநாள் செய்தித்தாளில் படம் வந்தது. அடியில், "தனியார் பிடியிலிருந்து அரிய பறவை மீட்பு".

அலகை வெட்டினார்கள். அதைச் சொல்லியாக வேண்டும். வாரிய மருத்துவர் மிக நன்றாக, மிகக் கூர்மையாக வெட்டியிருந்தார். வாரியம் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் அதுதான். எதையும் உடைக்கக்கூடிய அலகு மாப்பிள்ளைக்குக் கிடைத்தது. உடைக்கத்தான் ஒன்றும் கிடைக்கவில்லை.

வாரியத்தின் வரவேற்பறையில் ஒரு கண்ணாடி அறை. பளபளப்பான தரை, குச்சியோ மரப்பெட்டியோ கிடையாது. அவை "உபகரணம்" என்ற தலைப்பில் வருவதால் தணிக்கையில் சிக்கல். கொட்டை உடைக்கும் சத்தம் மேல் மாடிக் கூட்டங்களுக்கு இடைஞ்சல் என்பதால் உடைத்த பருப்பைத்தான் கொடுத்தார்கள். அதற்காகவே கொட்டை உடைப்பாளர் என்று ஒரு பதவி உருவாக்கி, இயக்குநரின் மச்சானை நியமித்திருந்தார்கள். அவர் விடுப்பில் இருந்ததால் ஒரு உதவிக் கொட்டை உடைப்பாளரும் உண்டு.

இதெல்லாம் மாமியாரும் மருமகளும் பொதுமக்கள் பார்வை நாளில் போனபோதுதான் தெரிந்தது. தரையில் போட்டிருந்த மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நிற்க வேண்டும். கூட்டத்தில் ஒரு குழந்தை, "அம்மா, இந்தக் கிளிக்கு ஏன் வயித்துல சட்டை இல்லை?" என்று கேட்டது.

மாப்பிள்ளையின் நெஞ்சு வெறும் தோலாக இருந்தது. ஊறவைத்த தோல் போலச் சாம்பல் நிறம். அங்கங்கே ரத்தப் பொட்டு. அது ஒரு மூலையில் உட்கார்ந்து, வேலைக்குப் போகிற ஆள் மாதிரி நிதானமாக, தன் தொடையிலிருந்து ஒரு இறகைப் பிடித்து இழுத்தது. கீழே போட்டது. அடுத்ததைத் தேடியது.

"ஐயோ, பிச்சுக்குதே!" என்று கத்தியவள் மருமகள் இல்லை, மாமியார். மஞ்சள் கோட்டைத் தாண்டிப் போய்க் கண்ணாடியைத் தட்டினாள். "டேய்! கருவாயா! பிச்சுக்காதடா! இங்க பாருடா!"

அது பார்த்தது. பின்னால் நின்றவளையும் பார்த்தது. கொண்டை எழுந்தது. குச்சியைத் தேடித் தரையில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்தது. குச்சி இல்லை. பிய்த்துப் போட்ட ஒரு இறகைக் காலால் எடுத்துக் கண்ணாடியில் தட்டியது. இறகு தட்டினால் சத்தம் வராது. வராத சத்தத்தை அது விடாமல் தட்டிக்கொண்டேயிருந்தது.

காவலாளி விசில் ஊதினான்.

அவள் நேராக இயக்குநரின் அறைக்குப் போனாள். அனுமதி கேட்கவில்லை. மாமியாரும் பின்னாலேயே போனாள். இயக்குநரின் மேசையில் ஒரு வெள்ளிக் குவளை. அதில் பூங்கொத்து போலக் கறுப்பு இறகுகள்.

"வாங்க வாங்க" என்றார் இயக்குநர். "நம்ம பறவை எப்படி? நல்ல முன்னேற்றம் பார்த்தீங்களா?"

"முன்னேற்றமா? அது தன்னையே பிடுங்கிக்கிட்டிருக்கு!"

"நீங்க அதை அப்படிப் பார்க்கறீங்க. நாங்க வேற மாதிரி பார்க்கறோம். உங்க வீட்ல இருந்தவரைக்கும் அதுக்குப் பற்று இருந்தது. இங்க வந்தப்புறம் ஒரு துறவு மனநிலை. வேண்டாததை ஒவ்வொண்ணா விடுது. எங்க வளாகத்தோட அமைதி அப்படி." குவளையிலிருந்து ஒரு இறகை எடுத்து நீட்டினார். "வெளிநாட்டு விருந்தாளிங்களுக்குத்தான் கொடுக்கறோம். நீங்க பழகினவங்க. ஞாபகமா வெச்சுக்குங்க."

அவள் அதை வாங்கவில்லை.

"அதுக்குக் கடிக்க ஒரு கொட்டை வேணும் சார். முழுசா. ஓட்டோட. தட்டறதுக்கு ஒரு குச்சி வேணும். அவ்வளவுதான். ரெண்டுமே மரத்தடியில சும்மா கிடக்கும். நான் பொறுக்கிக்கொண்டு வந்து தரேன்."

"குறை சொல்ற உரிமை பறவையோட உறவினருக்கு மட்டும்தாம்மா. நீங்க என்ன உறவு?"

"மாமியார்" என்றாள் மாமியார்.

இயக்குநர் சிரித்தார். மாமியார் சிரிக்கவில்லை. சிரிக்காமலேயே அந்த வெள்ளிக் குவளையைக் கவிழ்த்து இறகுகளையெல்லாம் அள்ளி மடியில் கட்டிக்கொண்டாள். "எங்க வீட்டுப் பிள்ளையோட முடி. உன் மேசைக்கு எதுக்கு?"

வாரியச் சொத்தை அபகரித்த குற்றத்துக்காக இருவரையும் வாசலுக்கு வெளியே கொண்டுபோய் விட்டார்கள். இனி பார்வை நாளிலும் வரக் கூடாது என்று தடை. இறகுகளைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்தும் கேட்டார்கள்.

அதற்குப் பிறகு அவள் சரியாகச் சாப்பிடவில்லை. கணவன் மனுக்கள் எழுதினான். வரிசையில் நின்றான். உண்மையைச் சொன்னான். எல்லா இடத்திலும் அவன் உண்மையைக் கவனமாகக் கேட்டுக்கொண்டு அடுத்த அறைக்கு அனுப்பினார்கள். ஒருநாள் வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டான்.

"என்னாலதான்" என்றான்.

"சும்மா இருங்க" என்றாள் அவள். "என் கையாலதான் பெட்டியில போட்டேன்."

அப்போதுதான் ஆய்வாளர் போன் செய்தார். குரல் தாழ்ந்திருந்தது. மேலிடத்திலிருந்து ஒரு தணிக்கைக் குழு வருகிறதாம். வாரியக் கையேட்டில் கறுப்புக் காக்கட்டூ என்றால் "உடல் முழுவதும் கரிய இறகு கொண்டது" என்று இருக்கிறது. கண்ணாடி அறையில் இருப்பதற்குத் தலையில் மட்டும்தான் இறகு மிச்சம், தலை அதன் அலகுக்கு எட்டாததால். கையேடும் பறவையும் ஒத்துப்போகவில்லை. கையேட்டை மாற்ற முடியாது.

"அதனால..." என்று இழுத்தார். "நாளைக்குக் காலையில பதிவிலிருந்து விடுவிக்கப் போறாங்கம்மா. நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க."

அந்தச் சொல்லுக்கு வாரியத்தில் என்ன பொருள் என்று இதற்குள் அவளுக்குத் தெரிந்திருந்தது. மூன்று பேரும் அப்படியே கிளம்பினார்கள். அடுப்பை அணைத்தோமா என்று மாமியார் பாதி வழியில் கேட்டாள். யாரும் திரும்பவில்லை.

அன்று பார்வை நாள் இல்லை என்பதால் வாசலில் தடைப் பட்டியலை யாரும் எடுக்கவில்லை. இயக்குநர் அவர்களைப் பார்த்ததும் முகம் சுளித்தார். "அப்படி ஒரு பறவையே எங்ககிட்ட இல்லையே."

"கீழ கண்ணாடிக்குள்ள இருக்கு சார்."

"அது கறுப்புக் காக்கட்டூ இல்லை. வேற ஏதோ. தப்பா வந்திருக்கு."

அவள் மேசையை ஒட்டி வந்து நின்றாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "அப்ப அது அரும்பறவை இல்லையா?"

"இல்லவே இல்லை."

"வெறும் பறவை?"

"வெறும் பறவைதான்."

"வெறும் பறவைக்கு வாரியம் எதுக்கு? குடுத்துடுங்க."

இயக்குநருக்கு இந்தத் திருப்பம் பிடித்திருந்தது. காலையில் ஆகவேண்டிய ஒரு செலவு மிச்சம். ஆனால் வாரியம் எதையும் சும்மா கொடுத்ததாகச் சரித்திரம் இல்லை. ஒரு தாளை எடுத்துத் தானே எழுதினார். எழுதி வாசித்தும் காட்டினார். "நாங்கள் எந்தக் காலத்திலும் கறுப்புக் காக்கட்டூ வளர்த்ததில்லை. வாரியத்துக்கு எதையும் கொடுத்ததில்லை. இப்போது பெற்றுச்செல்வது இறகில் குறைபாடுள்ள ஒரு கோழி. இந்தக் குறைபாடு பிறவியிலேயே உண்டு."

"பிறவியிலேயே?" என்றாள் அவள். "என் கையில அது எப்படி இருந்துது தெரியுமா சார் உங்களுக்கு? ஸ்டூடியோவுக்குப் பாதிப் பேர் அதைப் பார்க்கத்தான் போட்டோ எடுக்க வருவாங்க. காட்டுல இருந்திருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும், அதை யாரோ பிடிச்சுக் கொண்டுவந்தது தப்புதான், அதை நான் ஒத்துக்கறேன். நான் கூண்டுல வெச்சதும் தப்பாவே இருக்கட்டும். ஆனா நீங்க? காப்பாத்தறோம்னு சொல்லி வாங்கிட்டு வந்தீங்களே! ஒரு குச்சி கொடுக்கல. ஒரு குச்சி! இத்தனை பெரிய கட்டடத்துல ஒரு உசுருக்கு ஒரு குச்சி கொடுக்க ஒருத்தருக்கும் கை வரல. அது தன் தோலையே உரிச்சு உங்ககிட்ட மனு கொடுத்துது, அதை எடுத்துக் குவளையில சொருகி வெச்சீங்க. உங்களுக்குப் பறவை வேண்டாம் சார். படம் போதும். படம் ஒண்ணும் கேக்காது."

இயக்குநர் பொறுமையாகக் கேட்டார். கடைசி வரியில் அவர் கண்ணில் ஏதோ மின்னியது. ஒரு துண்டுத் தாளில் எதையோ குறித்துக்கொண்டார். "நல்ல யோசனை" என்றார். "சரி, கையெழுத்து?"

கணவன் பேனாவை எடுத்தான். ரோட்டில் ஆளில்லாதபோதும் சிவப்பு விளக்குக்கு நிற்கிற மனிதன். தாளை ஒருமுறை முழுக்கப் படித்தான், லென்ஸில் கீறல் பார்ப்பது போல. ஒவ்வொரு வரியும் பொய். கீழே தன் பெயரை நிதானமாக, அழகாக எழுதினான்.

வாசலில் காவலாளி மறித்தான். "துணிக்குள்ள என்ன?"

"கோழி" என்றான் கணவன்.

காவலாளி துணியை விலக்கிப் பார்த்தான். "இதைச் சமைச்சா ஒண்ணும் தேறாதே சார்."

"தேறும்" என்றான் அவன். "தேத்திடுவோம்."

வீட்டில் மாப்பிள்ளைக்குக் குளிர் தாங்கவில்லை. மாமியார் ஒரு பழைய கம்பளிக் காலுறையை வெட்டி, இறக்கைக்கு இரண்டு ஓட்டை விட்டு, முதுகுப் பக்கம் பொத்தான் வைத்து ஒரு சட்டை தைத்தாள். மாட்டிவிடும்போது இரண்டு முறை கடி வாங்கினாள். "கடி, கடி. கொழுப்பு இன்னும் இருக்குன்னு தெரியுது" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டது கடி வலித்ததால்தான் என்று சொன்னாள்.

அவள் வேலைக்கு லீவு போட்டுவிட்டு மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். முதலில் அது அவளைப் பார்க்கவேயில்லை. தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டது. அவள் கெஞ்சவில்லை. ஒரு கொட்டையை ஓட்டோடு அதன் முன்னால் வைத்துவிட்டுக் காத்திருந்தாள். ஒரு மத்தியானம் 'படக்' என்று ஓடு உடையும் சத்தம் கேட்டது. சமையலறையிலிருந்து மாமியார், "உடைச்சுதா?" என்று கத்தினாள். "உடைச்சுது அத்தை!"

அந்த வாரமே வாரியத்தின் விழா தொலைக்காட்சியில் வந்தது. தணிக்கைக் குழு கண்ணாடி அறையைப் பார்வையிட்டது. உள்ளே ஒரு கறுப்புக் காக்கட்டூ, பாரிஸ் சாந்தில் செய்து, ஒரு இறகு குறையாமல் கறுப்பு வண்ணம் பூசியது. கையேட்டோடு முழுவதுமாக ஒத்துப்போனது.

இயக்குநர் பேசினார். "வாரிய வரலாற்றில் நாங்கள் அடைந்த உச்சம் இது. நோய் இல்லை. இரைச்சல் இல்லை. பாசம் துளியும் இல்லை. பேணுவதற்கு எல்லா வகையிலும் தகுதியான பறவை. உயிருள்ள பறவைகளால் இதுவரை எட்ட முடியாத தரத்தை எட்டியிருக்கிறோம்." எல்லோரும் கை தட்டினார்கள். கொட்டை உடைப்பாளர் பதவி அப்படியே தொடரும் என்று அறிவித்தபோது மச்சான் எழுந்து வணங்கினார்.

"அணைச்சுத் தொலைங்க" என்றாள் மாமியார். கணவன் அணைத்தான்.

அவள் மடியிலிருந்த மாப்பிள்ளையின் சட்டைப் பொத்தானைக் கழற்றி, காயத்துக்கு மருந்து போடப் போனாள். மருந்தைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள்.

"என்னங்க... அத்தை... இங்க வாங்களேன்."

மூன்று தலைகளும் குனிந்தன. இறக்கைக்கு அடியில், சாம்பல் தோலைப் பிளந்துகொண்டு, மையில் தோய்த்த ஊசி போல ஒன்று. கணவன் கடையில் தேய்த்த பூதக்கண்ணாடியை எடுத்து வந்து பார்த்தான். "இறகுக் குருத்துதான்" என்றான். "பக்கத்துல இன்னொண்ணு இருக்கு. பாரு, இன்னொண்ணு!" அவள் சிரித்தாள். வெகு நாளைக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட சிரிப்பு. மாமியார் அவள் தலையைத் தடவிக்கொடுத்தாள்.

பிறகு மூவருக்கும் ஒரே நேரத்தில் அது உறைத்தது. கறுப்பு. இது வளரும். உடம்பு முழுக்க வளரும். கையேட்டில் உள்ளபடி வளரும்.

கணவன் எழுந்துபோய்த் தெருப்பக்கத்து ஜன்னலைச் சாத்தினான்.

"மெதுவா வளருடா ராசா" என்றாள் மாமியார், அதன் காதில் விழுகிற அளவுக்கு மட்டும். "ஒண்ணும் அவசரமில்ல."

அவள் அந்தக் குருத்துகளின்மேல் காலுறைச் சட்டையை இழுத்து மூடி, பொத்தானைப் போட்டாள்.